இவருடைய விரதங்கள்

என் வீட்டுக்காரருக்குப் புரொஸ்டேட்டில் புற்றுநோய் வந்து, அடிவயிற்றுக்கு றேடியேஷன் கொடுத்து, எல்லாம் சுகம் என்று டொக்டர் சொல்லி ஐந்து வருடமாகிறது. சுகமான மறுவருடமே இவருக்குப் பக்தி முற்றிவிட்டது. வெள்ளிக்கிழமை விரதம். பிறகு செவ்வாய். பிறகு சனி. காலையில் ஒரு மிடறு பிளேன்ரீகூட இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் ஐந்து மாடிக்கும் நான் தம்பட்டம் அடித்தேன். "உயிரைத் தந்த கடவுளுக்கு இந்த மனுசன் காட்டுற நன்றியைப் பாருங்கோ" என்று, லிஃப்டில் அகப்பட்டவர்களை எல்லாம் பிடித்துவைத்துச் சொன்னேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மூளை அவ்வளவு நீளமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு புதன்கிழமை தெஹிவளையில் செத்தவீடு. அன்றும் விரதம் என்றார். அடுத்த திங்கள் பம்பலப்பிட்டியில் பல் டொக்டரிடம் போகவேண்டும். அது சோமவார விரதமாம். ஆனால் மழைக்கு வீட்டில் அடைந்துகிடந்த வெள்ளிக்கிழமை, காலையிலேயே நாலு தோசை உள்ளே போனது.

"இதென்ன சாமி, நீங்கள் வெளிக்கிடுற நாளாப் பார்த்து விரதம் கேக்குது?" என்று கேட்டுச் சிரித்தேன்.

இவர் சிரிக்கவில்லை.

"சாப்பிட்டால் அடக்கேலாதப்பா. வந்தால் ரெண்டு நிமிசம் நிக்காது. ஒருக்கா பஸ்ஸிலயே..." தட்டைத் தள்ளிவைத்தார்.

எனக்கு முன்பொரு நாள் நினைவுக்கு வந்தது. கடற்கரையில் அலை அடித்து நனைந்துவிட்டது என்று சொல்லி நேரே குளியலறைக்குள் போய், காற்சட்டையைத் தானே தோய்த்தார். முப்பத்தாறு வருடத்தில் ஒரு கைக்குட்டை தோய்த்தறியாத மனுசன். அதற்கும் நான் பகிடிதான் விட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் சோற்றையே விட்டு மறைத்திருக்கிறார். கோபம் வந்தது. அதைவிட அழுகை வந்தது. டொக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்றால், உயிரைக் காப்பாற்றின ஆளிடம் போய் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்கிறார்.

கிளினிக்கில், இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க, நானே எல்லாவற்றையும் சொன்னேன். தாதி முகம் சுளிக்கவில்லை.

"கனபேருக்கு இருக்கு அங்கிள். றேடியேஷன் குடலிலயும் கொஞ்சம் பட்டிருக்கும், வருசக்கணக்காப் பிறகும் வரும். பட்டினி கிடக்காதேங்கோ. டொக்டரிட்டச் சொன்னால் மருந்து தருவார், பயிற்சியும் இருக்கு. ரத்தம் கண்டால் உடனே வாங்கோ."

இவர் அப்போதுதான் கூரையை விட்டுக் கீழே பார்த்தார்.

மருந்தோடு முக்கால்வாசி அடங்கியது. மிச்சக் காலுக்கு நான் இருக்கிறேன். காலி வீதியில் எந்தக் கடைக்குப் பின்னால் கழிப்பறை என்பது எனக்கு மனப்பாடம். "மல்லி, டொய்லட் எக கொஹெத?" என்று கடைத் தம்பிமாரிடம் சிங்களத்தில் வழி கேட்க எனக்கு என்ன வெட்கம்? நீள வாய் இப்போதுதான் பிரயோசனப்படுகிறது.

ஆனால் ஊராரோடு ஒரு பந்தியில் இருக்க இவர் துணியவில்லை. போன ஆவணியில் இவருடைய தங்கை மகளுக்குக் கலியாணம். தாய்மாமன் கை நனைக்காமல் என்ன கலியாணம்?

"இண்டைக்கு விரதமெண்டு சொல்லிவிடுமன்," என்றார் காலையில்.

"சொல்லமாட்டன்."

கதவுக்குப் பக்கத்துக் கடைசி இரண்டு கதிரையையும் நான் முதலே பிடித்துவைத்தேன். இவர் இருந்தார். பருப்போடு நாலு வாய் சாப்பிட்டார். ஐந்தாவதில் என் முழங்கையைத் தட்டிவிட்டு எழும்பிப் போனார்.

பாதியில் எழும்பின இலையில் திரும்ப இருக்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். பரிமாறுகிறவர் இலையை மடிக்கக் குனிந்தார். நான் சாப்பிட்ட கையையே அதன்மேல் விரித்து வைத்தேன்.

"ஆள் வருவார்," என்றேன்.

எதிரே நின்ற மச்சாளுக்கு, மணப்பெண்ணின் தாய்க்கு, ஒன்றும் விளங்கவில்லை. "எழும்பின இலையில இருக்கிறேல்லை அண்ணி," என்றாள்.

"எங்கட வீட்டில இருக்கிறது," என்றேன்.

பந்தியில் பாதிப் பேர் கை கழுவப் போய்விட்டார்கள். என் கையில் பருப்புக் காய்ந்துவிட்டது. பிறகு இவர் வந்து கதவடியில் நின்றார். இலையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். வந்து இருந்தார்.

"பாயாசம் முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

"இல்லை," என்று சொல்லிக் கையை எடுத்தேன். "உங்களுக்குச் சொல்லிவைச்சிருக்கிறன்."