உப்புத் தண்ணீரில் திரும்பிய மூக்கு

போன வாரம் மருந்துக்கடையில் ஒரு பிளாஸ்டிக் குப்பியைப் பார்த்தேன். மூக்கு கழுவுவதற்கென்றே செய்ததாம். கூடவே அளந்து கட்டிய உப்புப் பொட்டலங்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மகளுக்குப் பால் புகட்டிய பாலாடையை வைத்தே இந்த வேலையை முடித்தவள் நான்.

அப்போது மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டல் சமையற்கட்டில் வேலை. செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ். பின்வாசலில் வந்து இறங்கும் மீன், நண்டு, இறாலைப் பார்த்து வாங்குவது நானும் கூட வேலை பார்த்த மேரியும். செவுளைத் தூக்கிப் பார்ப்போம், விரலால் அழுத்துவோம், அப்புறம் முகர்ந்து பார்ப்போம். ஐஸில் கிடந்த மீன் எப்படியும் பளபளக்கும். கண்ணை நம்ப முடியாது. மூக்கு சொல்வதுதான் முடிவு.

அந்த மூக்குதான் எனக்குப் போய்விட்டது. குளிர் அறைக்குள் போவதும் அடுப்பு வெக்கைக்குத் திரும்புவதுமாக இருந்ததில் முதலில் தும்மல், பிறகு அடைப்பு, பிறகு ஒன்றுமே இல்லை. ரசத்துக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியாது. சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். அதனால் மேரி முகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் மூக்கைச் சுருக்கினால் நானும் சுருக்குவேன். நடிப்பில் நான் அவ்வளவு மோசமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

மேரி மாதா கோயில் திருவிழாவுக்கு லீவு போட்ட அன்று மாட்டிக்கொண்டேன். ஒரு கூடை இறால் வந்தது. குனிந்து முகர்ந்து, பெரிய மனுஷி போலத் தலையாட்டி, உள்ளே அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் சமையல் மாஸ்டர் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, மூக்க வூட்லயே வச்சிட்டு வந்துட்டியா? இதத் துன்னவன் ஆஸ்பத்திரிக்குத்தான் போவான்!"

அந்தக் கடைசி வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. வேலை போனால் கஷ்டம் எனக்கு. யாரோ ஒருவர் பிள்ளைகுட்டியோடு சாப்பிட்டிருந்தால்?

"எனக்கு வாசனையே தெரியல மாஸ்டர். மூணு மாசமாச்சு" என்றேன்.

கூடையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? போய் வைத்தியம் பாரு. அதுவரிக்கும் காய்கறிப் பக்கம் நில்லு."

செங்கல்பட்டில் காட்டிய டாக்டரம்மா, ஒவ்வாமை என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார். மூக்கைக் கழுவவும் சொன்னார். "கொழாத் தண்ணிய அப்படியே விட்றாதீங்க. நல்லாக் கொதிக்க வச்சு ஆறவிடுங்க. கால் லிட்டருக்கு அரை ஸ்பூன் உப்பு. குனிஞ்சு, வாயால மூச்சு விடணும்."

முதல் நாளே உப்பை மறந்தேன். நெற்றிக்குள் யாரோ மிளகாய் அரைத்தது போல இருந்தது. என் வீட்டுக்காரர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, "இன்னா, ஆனை மாதிரி மூக்குல தண்ணி வுட்டுக்கினு கீற?" என்று சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்புப் போட்டு, தட்டு போட்டு மூடி வைத்தது அவர்தான். ஒரு நாளும் தவறவில்லை.

மூன்றாவது வாரம், பஸ்ஸில் ஒரு அம்மா கருவாட்டுக் கூடையோடு ஏறினார். எல்லோரும் முந்தானையையும் கைக்குட்டையையும் மூக்கில் வைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் கண்ணை மூடி இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "இன்னாம்மா, நாத்தம் தாங்கலியா?" என்று அந்த அம்மா சங்கடப்பட்டார். "இல்லக்கா, நல்லா கீது" என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

திரும்பப் பின்வாசலுக்குப் போன முதல் நாள், பளபளவென்று வந்த ஒரு வஞ்சிரத்தை நானே வேண்டாமென்று ஒதுக்கினேன். மாஸ்டர் முகர்ந்து பார்த்து, எனக்கு ஒரு டீ கொண்டுவரச் சொன்னார். அதன் பிறகு அந்த வாசலில் என் மூக்கு தவறியதே இல்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமுமில்லை.

மேரியிடம் என் பழைய தந்திரத்தைச் சொன்னேன். "தெரியும்டி. ஒனக்குத் தெரியட்டும்னுதான் மூஞ்ச அப்படிக் கோணிக்கினு நின்னேன்" என்றாள்.

அந்த ஓட்டலை இடித்து, வேறு பெயரில் உயரமாகக் கட்டிவிட்டார்கள். மீன் இப்போது தெர்மகோல் பெட்டியில், தேதிச் சீட்டு ஒட்டி வருகிறதாம். சீட்டைப் படித்துக் கையெழுத்துப் போட்டால் போதுமாம். மகனோடு ஓசூருக்குப் போன மேரி அங்கேயே அடக்கமாகிவிட்டாள். ஒரு கூடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பெண்கள் குனிந்து, மூச்சை இழுத்து, ஒன்றாக நிமிர்ந்து "வேணாம், எடுத்துட்டுப் போ" என்று சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. அந்தக் குரல் இப்போது அந்தக் கரையில் இல்லை.