ஜன்னலை மூடினா சூளை அணையுது

ஒரு இடத்துல ஓடுற புரோகிராமை இன்னொரு இடத்துல காட்டுறதுதான் நம்ம தொழிலு. எங்க ஓடுது, எங்க தெரியுதுன்னு ஆளாளுக்குப் புரிய வெக்கிறதுலயே பாதி ஆயுசு போயிடும். இதே பொழப்புல இருக்குறவங்களே, உங்களுக்குத் தெரியாததா!

ஏ.சி. ரூமுல சூளை

விருத்தாசலத்துல சலீம் பாயோட பீங்கான் கம்பெனி. பொம்மை சுடுற கேஸ் சூளையை நடத்துற புரோகிராம், ஷெட்டுல இருக்குற லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டியில ஓடுது. அங்க அனலு, மண்ணுத் தூசி. மனுசன் உக்கார முடியாது. ஆபீஸு விண்டோஸ் கம்ப்யூட்டர்லயே அந்தப் புரோகிராமோட ஜன்னல் தெரியற மாதிரி செஞ்சு குடுத்தேன். சூட்டைக் காட்டுற கோடு மெல்ல மேல ஏறுறதைப் பாத்துட்டு பாய் மானிட்டரைத் தொட்டுப் பாத்தாரு. "என்ன தம்பி, சூளையே உள்ள வந்துடுச்சு, கண்ணாடி சுடவே இல்லியே!"

சாப்பாட்டு நேரம்

ஆபீஸைப் பாத்துக்கிறது செல்வி அக்கா. கருவேப்பிலங்குறிச்சியிலேருந்து பஸ்ஸுல வருவாங்க. கரண்டு போயி வந்ததுல ஒரு கம்ப்யூட்டர் புகைஞ்சதுலேருந்து, சாப்பிடப் போறப்ப எல்லாத்தையும் மூடி ஆஃப் பண்ணிட்டுத்தான் போகணும்னு பாய் போட்ட சட்டம். அக்காவும் அப்படியே செஞ்சாங்க. அப்ப இருந்த ஏற்பாட்டுல, ஜன்னல் போனா புரோகிராமும் போயிடும். புரோகிராம் போனா பாதுகாப்புக்காக கேஸு தானா நின்னுடும். நின்னுடுச்சு. புது பார்ட்டிக்குப் போக வேண்டிய முதல் லோடு, அத்தனை பொம்மையிலயும் விரிசல்.

பாய் குதிச்சாரு. அக்காவைப் பாத்து "நாளையிலேருந்து வர வேணாம்"னுட்டாரு. "அக்கா மேல தப்பில்ல பாய், நான் மாத்தித் தரேன்"னேன். காதுலயே வாங்கல. அக்கா டிபன் பாக்ஸைப் பையில வெச்சுக்கிட்டே கேட்டாங்க: "மூடாம போனா திட்டுறீங்க, மூடினா சூளை அணையுது. நான் எப்பதாங்க சாப்பிடுறது?"

யாரு மூடுறது?

அடுத்த லோடு ஒழுங்கா ஓடினா அக்காவுக்கு வேலை உண்டு, இல்லைன்னா இல்லைன்னு மட்டும் பாய் சொன்னாரு. புரோகிராம் லினக்ஸ் பெட்டியிலேயே தனியா உயிரோட இருக்குற மாதிரி மாத்தினேன். ஆபீஸுல தெரியறது சும்மா பாக்குறதுக்குத்தான். வேணும்னா தொறக்கலாம், வேணாம்னா மூடலாம்.

லோடு ஏறுச்சு. சாப்பாட்டு நேரமும் வந்துச்சு. "மூடுங்கக்கா"ன்னேன். அக்கா மவுஸை என் பக்கம் தள்ளிட்டாங்க. "நீ மூடுப்பா." உண்மையைச் சொல்றேன், எனக்கும் கை வரல. பாய் எங்க ரெண்டு பேரையும் ஒரு பார்வை பாத்தாரு. "பிஸ்மில்லா"ன்னு அவரே மூடினாரு, கம்ப்யூட்டரையும் ஆஃப் பண்ணாரு. மூணு பேரும் ஷெட்டுக்கு ஓடினோம். நெருப்பு நின்னு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அக்கா முகத்தைப் பாக்காம, சூளையைப் பாத்துக்கிட்டே பாய் சொன்னாரு: "செல்வி, போயி நிம்மதியா சாப்பிட்டுட்டு வாம்மா."

ஒருத்தரு பயமில்லாம எழுந்து சாப்பிடப் போக முடிஞ்சா நம்ம வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம், மத்ததெல்லாம் வெறும் செட்டிங்ஸ்தாங்க.