ஓவனுக்குள் எழுபத்திரண்டு மணி நேரம்

1

வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரை போய்ச் சேர வேண்டும். திங்கட்கிழமை காலை என் மேசைமேல் கட்டுரையின் பகுதிக்கு ஒன்றாக ஏழு துண்டுச் சீட்டுகள் இருந்தன; ஒன்றில்கூட ஒரு வரி இல்லை. எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிகளில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல் செய்யும் ஒரு கம்பெனியின் லேபில் எட்டு வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மேனேஜர் ஒரு கருத்தரங்கில் இடம் பிடித்திருந்தார். கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. அதுவரை மற்றவர்கள் கட்டுரைகளில் நன்றி சொல்லும் வரியில்கூட நான் இருந்ததில்லை. என் பெயரை அச்சில் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. இப்போது அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

விஷயம் எளிது. ரப்பரை நூறு டிகிரி ஓவனில் மூன்று நாள் வைத்து எடுத்து, அறும்வரை இழுத்துப் பார்ப்போம். எங்கள் புதுக் கலவை பழையதைவிட நன்றாகத் தாங்கியது.

"முடிவை முதல்ல எழுதிடும்மா. மத்ததெல்லாம் அதுக்கேத்த மாதிரி தானா வந்து உக்காந்துக்கும்," என்றார் மேனேஜர்.

அப்படியே செய்தேன். முடிவுச் சீட்டை எழுதி மேலே வைத்தேன். முன்னுரை, டேபிள், கிராஃப் எல்லாம் மளமளவென்று வந்தன. செய்முறைச் சீட்டைக் கடைசிக்குத் தள்ளினேன். சோதனை முறைகள் உள்ள ஸ்டாண்டர்டு புத்தகத்தைப் பார்த்து எழுதினால் போதும் என்று நினைப்பு.

2

புதன்கிழமை, ஓவனின் மாடல் நம்பர் கேட்கக் காதர் பாயிடம் போனேன். பூந்தமல்லிக்காரர். ஓவனில் சாம்பிள் வைப்பதும் எடுப்பதும் ரிஜிஸ்டரில் நேரம் குறிப்பதும் அவர் வேலை. நம்பரைச் சொல்லிவிட்டு, என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

"இன்னா மேடம் எழுதிக்கீறீங்க?"

"நூறு டிகிரியில எழுபத்திரண்டு மணி நேரம், இடைவிடாம வச்சோம்னு எழுதியிருக்கேன் பாய்."

"இடைவிடாமயா? அதான் கரண்ட்டு போயிகினே இருந்துச்சே."

"எப்போ?"

"புது மிக்ஸ் வச்சோமே, சித்திரை மாசம். தெனம் மத்தியானம் மூணு மணி நேரம், நாலு மணி நேரம் இருக்காது. ஜெனரேட்டர்ல ரப்பர் அழுத்துற பிரஸ்ஸுக்கு மட்டுந்தான லைன் குடுத்துக்கீறாங்க. நம்ம ஓவன் சும்மாதான் கெடக்கும்."

"ரிஜிஸ்டர்ல எழுதலையே?"

"உள்ள வச்ச டைமு, வெளிய எடுத்த டைமு. ரெண்டு கட்டந்தான கீது. இத எங்க எழுதுறது?"

கட்டம் போட்டுக் கொடுத்தது நான்தான். பழைய கலவையைச் சோதித்தது மழைக்காலத்தில். அப்போது ஓவன் நிற்கவே இல்லை. ஆக, புதுக் கலவை குறைந்த நேரமே சூடு கண்டிருக்கிறது. அது நன்றாகத் தாங்கியதில் அதிசயமில்லை.

3

மேனேஜரிடம் சொன்னேன்.

"இத யாரும்மா கேக்கப்போறாங்க?"

"கேட்டா மேடையில நிக்கப்போறது நான்தான சார்," என்றேன்.

 அவர் கருத்தரங்குக்காரர்களுக்குப் போன் போட்டு, கட்டுரை வராது என்று சொன்னார். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த மாதம் முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று மாங்காடு போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். கோபமெல்லாம் காதர் பாய் மேல். கொஞ்சமும் நியாயமில்லாத கோபம்.

மழை வந்து கரண்ட் சீரானதும் இரண்டு கலவைகளையும் அதே ஓவனில் ஒன்றன்பின் ஒன்றாக மறுபடி சோதித்தோம். ஓவன் லைனிலேயே ஒரு எலெக்ட்ரிக் கடிகாரத்தைப் பாய் மாட்டிவிட்டார்; கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். கடிகாரம் பின்தங்கினால் அந்தச் சோதனை கணக்கில் இல்லை. கடைசியில் இரண்டு கலவைக்கும் வித்தியாசமே இல்லை என்று தெரிந்தது.

ஆய்வுக் கட்டுரைக்குத் திட்டம் போடுகிறவர்கள் செய்முறையை முதலில் எழுதுங்கள். புத்தகத்தில் இருப்பதை அல்ல, நடந்ததை. வேலையைச் செய்தவரை எதிரே வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அடுத்த கட்டுரையை நான் அப்படித்தான் தொடங்கினேன். காதர் பாயைக் கூப்பிட்டு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினேன். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பரவால்ல மேடம், கேளுங்க," என்றார். ஒன்பது வருஷத்தில் அவரை நான் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.