பட்டம் வாங்கிய வருடம்

துபாய் துறைமுகத்தில் வெகுகாலம் கப்பல் ரேடாருக்குப் புரோகிராம் எழுதிவிட்டு உச்சிப்புளிக்குத் திரும்பியவன் நான். அதே வேலைக்குச் சென்னைக் கம்பெனி ஒன்று ஆள் தேடியது. வீடியோவில் கேட்ட அத்தனை கேள்விக்கும் பதில் சொன்னேன். கடைசியாக மேனேஜர், டிகிரி எந்த வருடம் முடித்தீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டான். சொன்னேன். உதட்டுக்குள் கணக்குப் போட்டான், முகம் மாறிவிட்டது. மறுநாள் மெயில்: எங்களுடையது துடிப்பான இளைஞர் குழு, வாழ்த்துகள். இருந்த ஆத்திரத்தில் லேப்டாப்பைக் கிணற்றில் போட்டிருப்பேன். மனைவிதான் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

பிழைக்க வேண்டுமே. ஓர் ஏஜென்சி மூலம் வீட்டிலிருந்தே சில்லறை வேலைகள் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒன்று, வேலை கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சலித்துத் தள்ளும் புரோகிராம். கம்பெனி பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர்களேதான்! பட்டம் வாங்கிய வருடத்தை வைத்து நாற்பது தாண்டியவர்களைச் சத்தமில்லாமல் ஒதுக்க வேண்டும், யாருக்கும் விலக்குக் கூடாது என்று அந்த மேனேஜரே எழுதியிருந்தான். கேட்டதை அப்படியே செய்து கொடுத்தேன். பராமரிப்பும் என் கையில்தான் இருந்தது.

போன மாதம் அந்தக் கம்பெனி கை மாறியது. உள்ளே இருப்பவர்களும் புதிதாக விண்ணப்பித்துத்தான் வேலையைத் தக்கவைக்க வேண்டும் என்றாகிவிட்டது. ஏஜென்சியிடம் நம்பர் வாங்கி அந்த மேனேஜர் போன் செய்தான். புரோகிராமில் ஏதோ தப்பு, என்னையே தள்ளிவிட்டது என்று இங்கிலீஷில் பதறினான்.

"தப்பெல்லாம் இல்ல தம்பி. நல்லாத்தான் வேலை செய்யுது. ஒங்களுக்கு நாப்பது தாண்டிருச்சுல்ல?" என்றேன். சொல்லும்போதே இனித்தது. நான் யாரென்பதையும் சொன்னேன்.

பிறகு அந்த இங்கிலீஷ் எங்கே போனதோ! "அண்ணே, நானும் நம்ம பக்கந்தாண்ணே, திருவாடானை. வீட்டு லோன் ஓடுது, ரெண்டும் பொம்பளப் பிள்ளைங்க. நாளைதாண்ணே கடைசித் தேதி. எனக்கு அந்த வயசு வரிய எடுத்துவிடுங்கண்ணே."

அழுதான். பொய் சொல்வானேன், மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது.

"சரி. நாப்பது தாண்டுன எல்லாருக்கும் எடுக்கச் சொல்லி ஒரு மெயில் போடுங்க. இப்பவே எடுத்துர்றேன்."

"எல்லாருக்குமா?" தயங்கினான். "அது சரியா வராதுண்ணே. வயசானவங்கள வச்சுக்கிட்டு என்ன செய்யிறது? எனக்கு மட்டும்..."

"அப்ப அந்த வரி அப்பிடியே கெடக்கட்டும் தம்பி," என்று போனை வைத்தேன்.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை. அன்று மத்தியானம் வீட்டில் நண்டுக் குழம்பு. மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.