காருக்கடியில் மிளகு

கார் எஞ்ஜினில் ஒயில் ஒழுகியது. மாத்தளை கராஜ்காரர் எஞ்ஜினையே இறக்க வேண்டும் என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரை நாள் வீட்டுக் கொட்டகையில் காருக்கடியில் மல்லாந்து கிடந்து, ஒயில் இறக்கும் நட்டுக்கு நானே புது வாஷர் போட்டேன்.

"இனி ஒரு சொட்டு விழாது, பாரு!" என்று மனைவியிடம் முழங்கினேன்.

அந்நேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. முற்றத்தில் காயப்போட்டிருந்த இந்த வருசத்து மிளகு முழுவதையும் அவள் சாக்கோடு கொட்டகைக்கு இழுத்து வந்தாள்.

"அப்ப இத காருக்கடியிலேயே விரிச்சிடவாங்க?"

சாவியை எடுத்து, காரைக் கொண்டுபோய்க் கொட்டும் மழையில் நிறுத்தினேன்.