காப்புக் கட்டிய நாளில் பூட்டிய குரூப்

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பை ஆரம்பத்தில் நான் மதித்ததே இல்லை. விடிந்தால் ஒரு ரோஜாப்பூ, அதற்கு மேல் சாமி படம், கீழே வாழ்க்கைத் தத்துவம். தத்துவம் அனுப்புகிறவர் வீட்டு வாசலில் சாக்கடை தேங்கி நிற்கும். என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்று விடாமல் படிப்பார். "ஊர்ல என்ன நடக்குன்னு தெரிய வேணாமா?" என்பார்.

போகப்போக அது வேலைக்கு உதவ ஆரம்பித்தது. தெருவிளக்கு எரியவில்லை, தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்று யாராவது படம் போட்டால், குரூப்பை நடத்துகிற உரக்கடைக்காரர் அதை ஊராட்சிக்கோ லைன்மேனுக்கோ அனுப்பி, ஆள் வரும்வரை விடமாட்டார். திருச்சுழி யூனியன் ஆபீசுக்கு மனுவோடு பஸ் ஏறியும் நடக்காத காரியங்கள் மறுநாளே நடந்தன. தெற்குத் தெருக்காரர்கள் ஊர்க்கூட்டத்தில் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள். குரூப்பில் அவர்களும் எழுதினார்கள். அவர்களுக்கும் பதில் வந்தது.

ஒரு வருடம் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று குரூப்பில் சண்டை வந்து நாறிப்போனது. அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எங்கள் ஊரில் யாரும் வெளியூரில் தங்கமாட்டார்கள். சண்டை கூடாது, கெட்ட செய்தி எதுவும் வாயில் வரக்கூடாது. போனிலும் வரக்கூடாது என்று கூட்டத்தில் முடிவு செய்தார்கள். அடுத்த வருடம் காப்புக் கட்டிய அன்றே உரக்கடைக்காரர் குரூப்பைப் பூட்டினார். திருவிழா முடியும்வரை அவரைத் தவிர வேறு யாரும் எதுவும் போட முடியாது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

திருவிழா நடுவில் ஒரு சாயங்காலம் கோடை மழை காற்றோடு அடித்தது. கரண்ட் போய்விட்டது. களத்துப் பாதையில் ஒரு கம்பம் சாய்ந்து, கம்பி லோடு வண்டியில் இடிக்கும் உயரத்துக்குத் தாழ்ந்து தொங்கியதை எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. விடியும்போது கரண்ட் வந்தது. என் வீட்டுக்காரர் மாட்டுக்குச் சோளத்தட்டை எடுத்துவர டிராக்டரோடு போனார். லோடு ஏற்றித் திரும்பும்போது, வேறொருவர் ஓட்ட, இவர் தட்டைக்கு மேலே உட்கார்ந்து வந்திருக்கிறார்.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து அவரை நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். காப்புக் கட்டிய ஊருக்குள் சவம் வரக்கூடாது. கொட்டு இல்லை. பிறந்து வளர்ந்த வீட்டு வாசலில் அவரைக் கொஞ்ச நேரம்கூடக் கிடத்தவில்லை. கோயில் மைக்கில் அம்மன் பாட்டு ஓடியது. நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எங்கள் ஊரில் யார் இறந்தாலும் குரூப்பில் படம் போட்டு, வரிசையாக இரங்கல் எழுதுவார்கள். அவருக்கு அதுவும் இல்லை.

திருவிழா முடிந்து குரூப்பைத் திறந்தார்கள். முதலில் வந்தது, விழா சிறப்பாக நடக்க ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி. அதன் கீழே கும்பிடு கும்பிடாக நிறைந்தது.

அடுத்து ஒரு படம் வந்தது. அதே களத்துப் பாதை, அதே தொங்கும் கம்பி. கம்பம் சாய்ந்த அன்று சாயங்காலம் எடுத்தது. போட்டவள் தெற்குத் தெருப் பெண், அருப்புக்கோட்டை மில்லுக்கு வேலைக்குப் போகிறவள். படத்தோடு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. கும்பிடு நின்றுபோனது. யாரோ அழிக்கச் சொன்னார்கள். அவள் அழிக்கவில்லை.

மறுநாள் அவளே வந்தாள்.

"வேலை விட்டு வரையில பாத்தேன்க்கா. குரூப்புல போட்டேன், போகல. கடைக்கார அண்ணனுக்குத் தனியா அனுப்புனேன், அவுக பாக்கல."

"நேர்ல வந்து சொல்லக் கூடாதாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"காப்புக் கட்டுன பெறகு கோயில் வாசலுக்கு வந்து ஆளைக் கூப்புட எங்க தெருவுக்கு வழக்கம் இருக்காக்கா? குரூப்புலதான் ஒங்க பேச்சும் எங்க பேச்சும் ஒண்ணா நிக்கும். அதையும் பூட்டிட்டாக."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உரக்கடைக்காரரும் வந்தார். "அன்னைக்கு ஜெனரேட்டர் வச்சு மைக்செட்டு ஓடுச்சு, அந்தச் சத்தத்துல போனையே எடுக்கல தங்கச்சி" என்று சொல்லிவிட்டு நின்றவர், உள்ளே வரவே இல்லை.

அவர் போன அன்று அந்தப் பாதைக்குக் கரண்டை மட்டும் நிறுத்தி வைத்திருந்தார்கள். படம் குரூப்பில் வந்த மறுநாளே கம்பத்தை நிமிர்த்திக் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டார்கள். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

இந்த வருடம் காப்புக்கு நாள் குறிக்கக் கூட்டம் போட்டார்கள். தாலி இழந்தவள் அந்தக் கூட்டத்துக்குப் போகும் வழக்கம் இல்லை. போனேன். பேச்சு அப்படியே நின்றது.

"காப்புக் கட்டுங்க. குரூப்பை மட்டும் பூட்டாதீக" என்றேன்.

"சாமி காரியம்மா. கண்டதையும் போட்டு வைப்பாக" என்றார் ஒரு பெரியவர்.

"போடட்டும். எம் புருசனை வாசலுக்குக்கூடக் கொண்டாரல. அதுக்கு ஒங்கள ஒண்ணும் கேக்கல. இதை மட்டுந்தான் கேக்கேன்."

உரக்கடைக்காரர் தலையைக் குனிந்தபடியே, "பூட்டல தங்கச்சி" என்றார்.

காப்புக் கட்டியாகிவிட்டது. நேற்று மத்தியானம் என் போனில் ஒரு செய்தி வந்தது. தெற்குத் தெருவிலிருந்துதான். பள்ளிக்கூடச் சுவரில் கரண்டுப் பெட்டியின் மூடி திறந்து கிடக்கிறது, பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம் என்று படத்தோடு இருந்தது. படித்து முடிப்பதற்குள் கீழே உரக்கடைக்காரர், "பாத்துட்டேன், ஆள் வருது" என்று எழுதிவிட்டார்.

அலமாரியில் இன்னொரு போனும் சத்தம் கொடுத்தது. என் வீட்டுக்காரருடையதுதான். குரூப்பிலிருந்து அவரை யாரும் நீக்கவில்லை, நானும் சார்ஜ் போடாமல் விட்டதில்லை. எடுத்துத் திறந்து, அந்தச் செய்தியை அவருக்கும் படித்துக் காட்டினேன்.