நாரில் தங்கிப்போன பாடம்

பரீட்சை முடிந்து வெளியே வந்த மதினி, தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே நடந்து வந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்து வாசல், நல்ல வெயில், மலைக்கோட்டைப் பாறைப் பக்கமிருந்து அனலாக அடிக்கிறது. பாவாடை சட்டையும் டவுசருமாகப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வருகிறார்கள். அவர்களுக்கு நடுவே சேலை கட்டிய ஒரே பரீட்சைக்காரி என் மதினி. "எப்படி எழுதுனீங்க மதினி?" என்றேன். அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "கையில நாரு இல்ல தாயி" என்றார். வெயில் தலைக்கு ஏறிவிட்டது போலிருக்கிறது என்று பயந்துபோய் ஒரு சோடா வாங்கிக் கொடுத்து, முந்தானையால் விசிறி விட்டு, பஸ் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவர் சொன்னது வெயிலால் அல்ல என்று எனக்குப் புரியப் பல நாள் ஆயிற்று.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் ரோட்டில், சின்னாளப்பட்டிக்கு முன்னாலேயே எங்கள் ஊர். அண்ணன் தென்னை ஏறுகிறவர். ஒரு மழைக்காலத்தில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. கம்பூன்றி நடக்கலாம், அவ்வளவுதான். அதற்கப்புறம் வீட்டுக்கு வரும்படி என்றால் பூக்கட்டுகிற கூலி மட்டும். டவுனில் இருந்த பூக்கடைக்காரர் உதிரிப் பூவைக் கூடையில் அனுப்புவார், கட்டிக் கொடுப்போம். அம்மாவும் மதினியும் நானும் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தால் கை நிற்காது. நனைத்த வாழைநாரில் இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு இழுப்பு. மதினி கட்டுகிற வேகத்துக்கு எங்கள் இரண்டு பேர் கையும் சேர்ந்தாலும் ஈடு கொடுக்காது.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குத் தடுப்பூசி போட வந்த ஒரு நர்ஸம்மா மதினியிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். எட்டாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சையில் தேறியிருந்தால் மருத்துவச்சி வேலைக்கு மதுரையில் பயிற்சி கொடுக்கிறார்கள், தங்க இடமும் சாப்பாடும் உண்டு, முடித்தால் சர்க்கார் உத்தியோகம் என்று. வயது வரம்பு இருந்தது. மதினி கணக்குப் பார்த்தார். பரீட்சையை இரண்டு தடவை எழுதிப் பார்க்கலாம். அதற்குமேல் போனால் கதவு அடைத்துவிடும். அவர் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். நான் எட்டாவது தேறி வீட்டில் இருந்தேன். ஹைஸ்கூலுக்குத் தினமும் பெண்பிள்ளையை டவுனுக்கு அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்கள். என் பழைய புத்தகங்கள் பரணில் கிடந்தன. மதினி அவற்றை இறக்கிச் சிலந்திக்கூட்டைத் தட்டினார்.

வீட்டில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. எனக்கும்தான். படிப்பு என்பது பிறக்கும்போதே மண்டையில் வைத்து அனுப்புகிற சாமான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். சிலருக்கு வைப்பார்கள், சிலருக்கு வைக்க மாட்டார்கள். எனக்கு வைத்திருந்ததாக ஊரே சொல்லும், நானும் அதைக் கேட்டுக் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருப்பேன். மதினிக்கு வைக்கவில்லை என்பது அம்மாவின் தீர்ப்பு. "ஏ புள்ள, ஒனக்கு எதுக்கு இந்த வம்பு? கடைக்குப் போனா நாலு சாமான்ல ஒண்ண மறந்துட்டு வாரவ நீயி" என்பாள். சொன்னாலும் மனசு கேட்காமல், எங்கிருந்தோ வல்லாரைக் கீரையைப் பறித்து வந்து துவையல், கூட்டு, தோசை என்று மதினி தட்டில் தினமும் ஏதாவது ஒரு ரூபத்தில் வைத்துவிடுவாள். ஞாபகம் வளருமாம். மதினி முகம் சுளிக்காமல் தின்றார். அண்ணன் ஒருவர்தான், "படிச்சுப் பாக்கட்டுமேத்தா, குடியா முழுகிரும்?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மதினி படித்த விதம் இப்படி. பூக்கட்டும்போது நான் புத்தகத்தைப் பார்த்து ஒரு வரி சொல்ல வேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே ஒரு முடிச்சு இறுக்குவார். அடுத்த வரி, அடுத்த முடிச்சு. ஒரு சரம் முடியும்போது ஒரு பாடம் முடிந்திருக்கும். அப்புறம் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, கட்டிக்கொண்டே அவராக ஒப்பிப்பார். ஒரு எழுத்து பிசகாது. காவிரி குடகில் பிறப்பதிலிருந்து கடலில் கலப்பது வரைக்கும், மல்லிகைச் சரம் மடியில் நீள நீள, தண்ணீர் பட்ட பாடாகச் சொல்வார். கேட்ட எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அம்மா கூட வாய் மூடிக் கேட்டாள்.

பரீட்சையன்று நடந்ததை அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்த கேள்வியாகத்தான் இருந்திருக்கிறது. பேனாவை எடுத்திருக்கிறார். ஒன்றும் வரவில்லை. பெஞ்சியின் மேல் கை சும்மா கிடக்கிறது, தலையும் அப்படியே கிடக்கிறது. தவித்துப்போய் முந்தானை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, மடியில் வைத்து, இல்லாத பூவுக்கு முடிச்சுப் போட்டிருக்கிறார். இரண்டு வரி வந்ததாம். அதற்குள் மேற்பார்வைக்கு நின்ற அம்மாள் பார்த்துவிட்டார். மடியில் கை அசைந்தால் துண்டுச் சீட்டு என்றுதானே அர்த்தம்? எழுந்து நிற்கச் சொல்லி, கையை விரிக்கச் சொல்லி, முந்தானையை உதறச் சொல்லி, கடைசியில் அந்த நூலை வாங்கி ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டார். பிள்ளைகள் சிரித்திருக்கின்றன. மீதி நேரம் முழுக்க மதினி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "அந்தம்மா மேல தப்பு இல்ல தாயி. அவுகளுக்கு என்ன தெரியும், நான் பூக்கட்டுறேன்னு?" என்றார். அந்தம்மாள் மேல் எனக்குக் கோபம் இன்றுவரை முழுசாகத் தீரவில்லை.

பள்ளிக்கூடப் பலகையில் மதினியின் நம்பர் இல்லை. அம்மா, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்து, அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அன்று சாயங்காலமும் பூக்கூடை வந்தது. கூலிக்கு லீவு கிடையாது. மதினி நாரை நனைத்து எடுத்து முதல் முடிச்சுப் போட்டார். அவ்வளவுதான், காவிரி குடகிலிருந்து கிளம்பிவிட்டது. யாரும் கேட்காமலே வாய் கடகடவென்று சொல்ல ஆரம்பித்தது. மதினி திடுக்கிட்டு நாரைக் கீழே வைத்தார். பேச்சு நின்றது. எடுத்தார், வந்தது. வைத்தார், போயிற்று. எங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், பரீட்சையில் தோற்றவள் சிரிக்கிற சிரிப்பே இல்லை அது. "மண்டையில ஏறலன்னு அத்த சொன்னாகல்ல? ஏறியிருக்கு. ஆனா மண்டையில இல்ல, நாருல ஏறியிருக்கு. அங்கருந்து எறக்கணும்" என்றார்.

இந்த இடத்தில்தான் எனக்கும் மதினிக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. நானாக இருந்தால் தோற்றதை நினைத்து மூலையில் படுத்திருப்பேன். ஒரு தடவை படித்து மனதில் நிற்காத எதையும் நான் இரண்டாம் தடவை தொட்டதே இல்லை. தொட்டால் கெட்டிக்காரி என்ற பெயர் போய்விடுமே என்ற பயம். மதினிக்குக் காப்பாற்றிக்கொள்ள அப்படி ஒரு பெயரும் இல்லை. அதனால் எது பிசகியது என்று உட்கார்ந்து ஆற அமரப் பார்க்க முடிந்தது. மறுநாளிலிருந்து பூக்கட்டும்போது பாடம் பேசக் கூடாது என்று சட்டம் போட்டார். கிணற்றடியில் கேள், உலை வைக்கும்போது கேள், சாணி அள்ளும்போது கேள், சின்னாளப்பட்டி சந்தைக்கு நடக்கும்போது கேள். வரிசையாகக் கேட்காதே, நடுவிலிருந்து கேள். புத்தகத்தில் உள்ளபடி சொல்ல மாட்டேன், என் பேச்சில் சொல்வேன், அர்த்தம் சரியா என்று மட்டும் பார். வராத கேள்வியை விட்டுவிடாதே, மறுநாள் வேறு இடத்தில் வைத்துக் கேள். முதலில் பாதிக்கு மேல் வரவில்லை. இடறி விழுந்து, தப்பாகச் சொல்லி, தன்னையே திட்டிக்கொண்டு, அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. முன்னால் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தவர், இப்போது தட்டுத் தடுமாறுவதைப் பார்த்தால் பின்னோக்கிப் போகிறாரோ என்று எனக்குக் கவலை. "தடுமாறட்டும். இங்கன தடுமாறுனா யாரு சிரிக்கப் போறா?" என்பார்.

எதிர்பாராத ஆள் ஒருத்தி இதில் வந்து சேர்ந்தாள். ஒருநாள் கிணற்றடியில் நான் கேட்டதற்கு மதினி ஏதோ மாற்றிச் சொல்லிவிட்டார். நானும் கவனிக்கவில்லை. வாளி தூக்க வந்த அம்மா, "ஏ புள்ள, வைகை குடகுலயா பொறக்குது? வருசநாட்டு மலையிலல்ல பொறக்குது?" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்தோம். போன வருஷம் முழுக்கச் சரத்தோடு சரமாகக் கேட்டு, எழுத்து வாசனையே இல்லாத அம்மாவுக்குப் புத்தகத்தில் பாதி படிந்து போயிருந்தது. அவளுக்கே அது தெரியவில்லை. மதினி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்த, இனிமே நீங்களும் கேளுங்க" என்றார். அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. அம்மாவுக்கு நேரம் காலம் கிடையாது. "வெஞ்சனத்துக்கு உப்புப் போட்டியாடி? போட்டியா? சரி, மழ எப்புடிப் பெய்யுது, சொல்லு" என்பாள். மதினி தன் குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டிருக்கும்போது, "அசோகரு ஏன் சண்டைய விட்டாரு?" என்பாள். மதினி தப்பாகச் சொன்னால் அவளுக்கு ஒரே குஷி. சரியாகச் சொன்னால், "ம்ம், பரவால்ல" என்று அடுத்ததுக்குப் போவாள். வல்லாரையை எப்போது நிறுத்தினாள் என்பதே யாருக்கும் நினைவில்லை.

இரண்டாவது பரீட்சைக்கு மதினியோடு நான் போகவில்லை. தனியாகப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். மதினி இடத்தில் அண்ணன் உட்கார, வீட்டில் நாங்கள் மூன்று பேரும் பூக்கட்டினோம். அம்மா கட்டியதெல்லாம் தளர்ந்து தளர்ந்து விழுந்தது. சாயங்காலம் மதினி வந்து, முதலில் செம்பு நிறையத் தண்ணீர் குடித்தார். "நடுவுல ஒரு கேள்வி பிடிபடல அத்த. கண்ண மூடிக்கிட்டேன். நீங்க சாணிக்கூடையோட நின்னு என்னைய வையிறீக. அப்படியே வந்துருச்சு" என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பலகையில் இந்தத் தடவை நம்பர் இருந்தது. நான் பார்த்துவிட்டு வந்து சொன்னபோது அண்ணன் கம்பை ஊன்ற மறந்து எழுந்து நின்றுவிட்டார். பயிற்சிக்கும் இடம் கிடைத்தது.

எனக்கு இப்போது வயது எண்பதை நெருங்குகிறது. ஞாபக சக்திக்கு என்று கடைகளில் லேகியமும் மாத்திரையும் விற்கிறார்கள், போனில் பயிற்சி கூட இருக்கிறதாம். இருக்கட்டும். மதினியைப் பார்த்த பிறகுதான் நான் என் பழைய பயத்தை உதறிவிட்டுப் எஸ்.எஸ்.எல்.சி.யை வீட்டிலிருந்தே படித்து எழுதினேன். ஒரு தடவை தோற்று, மறுபடி எழுதித் தேறி, பிறகு தபால் ஆபீஸில் வேலை பார்த்தேன். தோற்ற அன்று எனக்கு அவமானமாக இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மறுநாள் காலையில் புத்தகத்தைத் திறந்தேன். அதைக் கற்றுக்கொண்டதுதான் பெரிய படிப்பு என்று இப்போதும் நினைக்கிறேன்.

பரீட்சை முடிவு வந்ததற்கும் மதினி பயிற்சிக்குக் கிளம்பியதற்கும் இடையில் சில மாதங்கள் இருந்தன. அந்த நாட்களில் மத்தியான வேளையில் மதினியும் அம்மாவும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ குசுகுசுவென்று பேசுவார்கள். மாமியாரும் மருமகளும் பிரியப் போகிற வருத்தத்தில் பேசிக்கொள்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். கிளம்பும் நாள் காலையில் எல்லோரும் ரோட்டுக்கு வந்து நின்றோம். குழந்தை அம்மா இடுப்பில். அம்மா எப்போதும் பஸ் வந்தால், "எந்த ஊரு போகுது? எந்த ஊரு போகுது?" என்று பக்கத்தில் நிற்பவர்களைப் பிடுங்கி எடுப்பாள். அன்று வாயைத் திறக்கவில்லை. ஒரு பஸ் வந்தது. நான் கை நீட்டப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு, பஸ்ஸின் நெற்றிப் பலகையைக் கண் சுருக்கிப் பார்த்தாள். "இது நெலக்கோட்ட" என்றாள். பஸ் போய்விட்டது. அது நிலக்கோட்டை பஸ்தான். நான் மதினியைப் பார்த்தேன். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அடுத்த பஸ் தூரத்தில் தூசியோடு வந்தது. அம்மா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு ரோட்டோரம் நாலடி முன்னால் போய் நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. ம. து. ரை. பிறகு, "ஏ புள்ள, வாடி, இதான் ஒன் பஸ்ஸு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே, கையை நீட்டி அவளே நிறுத்தினாள்.